கெல்லரில் சிக்னல் இல்லை

ஜெர்மனியின் ஹம் நகரில் நாகலட்சுமி அக்காவைத் தெரியுமா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால், முதலில் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத்தான் சொல்வார்கள். காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, அது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, டொக்டர் சொன்ன அந்த நீளமான சொல்லுக்கு என்ன கருத்து, சீனி கூடக் காட்டுகிறது, பயப்பட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு இலக்கம்தான். அக்கா டொக்டர் இல்லை. தாதிகூட இல்லை. முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலமாக உதவியாளர். குளிப்பாட்டுவார், உடுப்பு மாற்றுவார், ஊட்டிவிடுவார். எங்கள் சனத்துக்கு அது போதும். வெள்ளைச் சட்டை போட்டவர் தமிழும் கதைத்துவிட்டால் அவருக்கு மேல் பட்டம் தேவையில்லை.

நான் அக்கா வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறேன். படியில் ஏறும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக் கதவுக்குள்ளிருந்து, "பயப்படாதேங்கோ, தண்ணியைக் கூடக் குடியுங்கோ" என்ற குரல் கேட்கும். அந்தக் குரலில் ஒரு சந்தோசம் இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்கிறவர்கள் தொல்லை கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தொலைபேசி கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தால் அவரே எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், பழுதாகிவிட்டதோ என்று.

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அவர் தாதிப் படிப்புக்கு, இங்கே அவுஸ்பில்டுங் என்கிறோமே, அதற்குச் சேர்ந்தார். ஏன் இந்த வயதில் என்று கேட்டேன்.

"நான் கழுவுறன், நான் துடைக்கிறன், நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்," என்றார். "கடைசியிலை கையெழுத்து வைக்கிறது வேறை ஆள். சாகிறதுக்கு முதல் என்ர பேரை நானே எழுத வேணும்."

மூன்று வருடம் வேலையும் படிப்புமாக இழுபட்டார். முடிவுச் சோதனையில் செய்முறை பாஸ், வாய்மொழி பாஸ். எழுத்துச் சோதனை மூன்றில் ஒன்றில் மயிரிழையில் தவறிப்போனார். அந்தச் சோதனையை ஒருமுறை மட்டும் திரும்ப எழுதலாம். அதிலும் தவறினால் அவ்வளவுதான், படித்த மூன்று வருடமும் ஆற்றில் கரைத்த புளி. பழையபடி உதவியாளர் சட்டையோடு பென்சன் வரைக்கும் போக வேண்டும்.

ஏன் தவறினார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. குசினி மேசையில் புத்தகம் விரித்திருக்கும். பக்கத்தில் போன். ஒரு பந்தி வாசிப்பார், போன் மினுங்கும். பதில் சொல்லிவிட்டு வந்தால் அந்தப் பந்தி முகம் தெரியாத ஆள்போல இருக்கும். திரும்பவும் முதல் வரி. முதல் தடவை சோதனைக்கு முந்தின நாள், பித்தப்பைக் கல்லோடு இருந்த ராசண்ணைக்காக இரண்டு மணித்தியாலம் கதைத்தார். போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது அவருடைய மனிசன் செல்வராசா அண்ணை. "பாவம், ராசண்ணை துடிக்கிறார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

செல்வராசா அண்ணையைப் பற்றியும் ஒரு சொல். கம்பித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாது. இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. நல்ல மனிசன்தான், ஆனால் காவலுக்கு வைக்க ஏற்ற ஆள் இல்லை.

இரண்டாம் தடவைக்குப் படிக்கத் தொடங்கியபோது மகள் கவிசா டுசல்டோர்ஃபிலிருந்து வந்தாள். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாயின் போனை வாங்கி, அதில் ஒரு பூட்டுச் செயலியைப் போட்டாள். படிக்கிற நேரம் முழுக்க வாட்ஸ்அப், வைபர், முகநூல் ஒன்றும் திறக்காது. திறக்கப் போனால் ஒரு பூட்டுப் படம் வரும். கடவுச்சொல் கவிசாவிடம்.

"அவசரம் எண்டால்?" என்று அக்கா கேட்டார்.

"அம்மா, நீங்கள் அம்புலன்ஸ் இல்லை," என்றாள் கவிசா.

ஆனாலும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டன் போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். படம் வராது, செய்தி வராது, அழைப்பு மட்டும். அந்த இலக்கம் தகப்பனுக்கும் தனக்கும் மட்டும் என்று மூன்று தரம் சொன்னாள். செல்வராசா அண்ணை மூன்று தரமும் தலையாட்டினார்.

இரண்டு கிழமை அமைதி. அக்கா முதல் தடவையாக ஒரு பாடத்தை முடிவுவரை வாசித்தாராம். பிறகு பட்டன் போன் அடித்தது. ராசண்ணை. "செல்வராசா எனக்கு மட்டுமெண்டு தந்தவர்," என்றார். மறுநாள் தபோதரன். "ராசண்ணை எனக்கு மட்டுமெண்டு தந்தவர்." அதற்குப் பிறகு வந்தவர்களும் எல்லாரும் 'எனக்கு மட்டும்' ஆட்கள்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு இரகசியத்தைக் கொடுத்தால் அதைப் பத்திரமாக ஊர் முழுக்க வைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா கெல்லருக்கு இறங்கினார்.

கெல்லர் என்றால் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே உள்ள நிலவறை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு சின்ன அறை, மரக்கதவு போட்டிருக்கும். அக்கா வீட்டு அறையில் அரிசி மூட்டை, பனிக்கால டயர், விசேசங்களுக்குச் சமைக்கிற பெரிய கிடாரம், கவிசா சின்ன வயதில் ஓடிய சைக்கிள். சுவரின் உச்சியில் ஒரு சிறு கண்ணாடி. அதால் பார்த்தால் வெளியே போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். கட்டிடத்தில் எந்தக் கம்பனியின் சிக்னலும் எட்டாத ஒரே இடம் அதுதான். அக்கா ஒரு மடிக்கிற மேசையும் விளக்கும் கொண்டுபோய், கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்தார்.

சிக்னல் எட்டாத இடத்துக்கு அண்ணை எட்டினார். மேலே போன் அடிக்க, இவர் கேள்வியைக் கேட்டுக்கொண்டு படியிறங்கி வருவார். பதிலை வாங்கிக்கொண்டு ஏறுவார். ஒரு நாள் மாத்திரைப் பெட்டியின் படத்தைக் காட்டத் தன்னுடைய போனையே தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா எழும்பிக் கதவடியில் நின்று சொன்னதை நான் என் கெல்லர் அறையில் உருளைக்கிழங்கு எடுத்தபடி கேட்டேன்.

"இஞ்சருங்கோ. இண்டையிலை இருந்து உள்ளுக்குக் கொண்டி போடப் போறன். வீடு பத்தினால் தீயணைப்புக்கு அடியுங்கோ. ஆருக்கும் ஏலாமப் போனால் அம்புலன்சுக்கு 112 அடிக்கச் சொல்லுங்கோ. என்ர கதவைத் தட்டாதேங்கோ. இந்த முறையும் விட்டனெண்டால் எனக்கு வேறை முறை இல்லை. விளங்குதோ?"

"ஓம், ஓம்," என்றார் அண்ணை. அந்த ஓமில் என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னவோ, இந்த முறை அவருக்கு உறைத்தது. போன் வந்தால், "அவ கெல்லரிலை, சோதனை முடியட்டும்" என்று சொல்லத் தொடங்கினார். சனம் முகத்தைச் சுளித்தது. "இப்பவே பெரிய ஆளாகிட்டா" என்று கடையில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருடமாக அந்த மனுசியிடம் இலவச வைத்தியம் கேட்டவள் அவள்.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம். செல்வராசா அண்ணை வேலையால் வந்து தேத்தண்ணி போட்டார். கோப்பையைத் தூக்கினார், அது கையிலிருந்து விழுந்து உடைந்தது. களைப்பு என்று நினைத்தார். குனிந்து பொறுக்கப் போனால் வலக்கை சொல்வழி கேட்கவில்லை. நடையிலிருந்த கண்ணாடியில் முகம் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

இதெல்லாம் அவர் பிறகு எனக்குச் சொன்னது. சொல்லும்போது எனக்கு அவரைத் தூக்கிப்போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அந்த மனிசன் அந்த நேரத்தில் யோசித்தது தன்னுடைய உயிரைப் பற்றி இல்லை. போன முறை சோதனைக்கு முந்தின நாள் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், இந்த முறையும் நானே கெடுக்கக்கூடாது என்றுதான் யோசித்தாராம். ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. முப்பது வருடமாக உடம்புக்கு ஒன்றென்றால் லட்சுமியைத்தான் கேட்டுப் பழக்கம். வேறொரு ஆளுக்கு என்று கேட்டால் பதிலும் கிடைக்கும், அவள் படிப்பும் கெடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

இடக்கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினார். கெல்லர்க் கதவைத் தட்டினார்.

"தட்ட வேண்டாமெண்டு சொன்னனான்," என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"ஒரு விசயம். ஒரே ஒரு கேள்வி."

"நாளைக்குச் சோதனை. உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?"

"ஒரு தெரிஞ்ச ஆள்… அவருக்கு வலக்கை வழங்கேல்லையாம். வாயும் கோணிப்போச்சாம். என்ன செய்யிறதெண்டு கேக்கினம்."

உள்ளே பேனை வைக்கிற சத்தம் கேட்டதாம்.

"எப்ப இருந்து?"

"இப்பதான். கொஞ்சம் முந்தி."

"அதுக்கு என்னை ஏன் கேக்கினம்? 112 அடிக்கச் சொல்லுங்கோ. இந்த நிமிசம். தண்ணி குடுக்க வேண்டாம், மருந்து குடுக்க வேண்டாம், படுத்தால் சரியாகுமெண்டு பாத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நிமிசமும் மூளை செத்துக்கொண்டிருக்குது, போய்ச் சொல்லுங்கோ." பிறகு, "நீங்கள் என்ன வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு கதைக்கிறியள்?" என்று கேட்டார்.

"முறுக்கு," என்றார் அண்ணை.

கதவுக்கு அந்தப்பக்கம் அக்கா கொண்டியில் கைவைத்தாராம். வைத்துவிட்டு எடுத்தாராம். இதுதானே ஒவ்வொரு முறையும் நடப்பது, ஒரு கேள்வி இரண்டாகும், இரண்டு பின்னேரமாகும் என்று திரும்பவும் கதிரையில் இருந்தாராம். வெளியே காலடி மெதுவாக, மிக மெதுவாக ஏறிப் போனது. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்குது, இந்த மனிசன் அன்னநடை நடக்குது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் கடைக்குப் போய் வந்தபோது அண்ணை கட்டிட வாசற்படியில் இருந்தார். சிக்னல் வருகிற முதல் இடம் அது. இடக்கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஹான்ட் கபுட். முண்ட் கபுட்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை பழுது, வாய் பழுது. அவருக்கு அந்த நேரம் வந்த ஜெர்மன் அவ்வளவுதான். மறுமுனையில் ஒரு பெண் அவசரப்படாமல் வீதிப் பெயரைக் கேட்டாள். நான் போனை வாங்கி விலாசம் சொன்னேன். பையைக் கீழே போட்டதில் தக்காளி படியெல்லாம் உருண்டது.

"லட்சுமிக்குச் சொல்லாதேங்கோ, தங்கச்சி," என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. "நாளைக்குச் சோதனை."

"உங்களுக்கு விசரோ, அண்ணை?"

தூரத்தில் அம்புலன்சின் ஊதல் கேட்டது. நான் கெல்லருக்கு ஓடினேன். இரண்டு கையாலும் கதவில் அடித்தேன்.

"ஆரெண்டாலும் திறக்க மாட்டன்," என்றார் அக்கா.

"அக்கா, திறவுங்கோ. செல்வராசா அண்ணைக்கு ஏலாது."

ஊதல் எங்கள் வீதிக்குள் வந்து நின்றது. மேலே அந்தச் சின்னக் கண்ணாடியில் நீல வெளிச்சம் அடித்து அடித்துப் போனது, கனத்த சப்பாத்துகள் ஓடின. கொண்டி விழுந்தது. கதவு திறந்தபோது அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வலக்கையோ?"

நான் ஓம் என்றேன். இவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே எங்களை இருத்திவிட்டார்கள். அக்காவின் போன் மடியில் கிடந்து துடித்துக்கொண்டே இருந்தது. படிப்பு நேரம் முடிந்து பூட்டுச் செயலி திறந்துவிட்டிருந்தது. ஹம்மில் பாதிப்பேருக்குச் செய்தி போயிருக்க வேண்டும். அவர் குனிந்தும் பார்க்கவில்லை. "கதவுக்கு அந்தப்பக்கம் நிண்டவர். ஒரு பலகைதான் நடுவிலை," என்றார் ஒருமுறை. பிறகு, "முறுக்கெண்டு சொன்னவர்," என்றார்.

டொக்டர் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்றியாயிற்று, பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார். பின்னேரம் கவிசா ரயிலில் வந்து சேர்ந்தாள். காரணம் காட்டினால் சோதனையைத் தள்ளிவைக்கலாம், அடுத்தது அரை வருடம் கழித்து என்று விசாரித்து வைத்திருந்தாள். "தள்ளிவை," என்றார் அக்கா. சொன்னவருடைய குரலில் அரை வருடம் கழித்தும் எழுத மாட்டேன் என்பது இருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

உள்ளே விட்டபோது அண்ணை கண் திறந்திருந்தார். வாயைச் சரிக்கட்ட மிகவும் கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"படிச்சு… முடிச்சாச்சோ?"

அக்கா வெளியே வந்தார். "நாளைக்குக் காலமை என்னைக் கொண்டுபோய் விடுவீரோ?" என்று என்னைக் கேட்டார்.

சோதனை மண்டபத்து வாசலில் போன்களை வாங்கிப் பெயர் எழுதிய உறைகளில் போட்டார்கள். இவ்வளவு காலமும் எந்தப் பிசாசைப் பூட்டிவைக்க அந்த வீடு பாடுபட்டதோ, அதை இப்போது அக்காவின் கை விடவில்லை. மேற்பார்வைக்கு நின்ற பெண்மணி இரண்டு தரம் கேட்டார். கவிசா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஏதேனும் நடந்தால் இந்த இலக்கத்துக்குத்தான் அடிப்பாள். உறைக்குள் போனால் இரண்டு மணித்தியாலம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாது. அக்கா கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். கதவு சாத்தப்பட்டது. நான் காருக்குள் இருந்து, தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன்.

"என்ர தலைக்குள்ளை அந்தக் கெல்லர்க் கதவு இருந்தது," என்றார் பிறகு. "அவர் தட்டிக்கொண்டே நிண்டவர். நான் எழுதிக்கொண்டே இருந்தனான். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவிலை, இந்தா வாறன், இந்தா வாறன் எண்டு சொன்னனான்."

வெளியே வந்து உறையைக் கிழித்தார். தவறிய அழைப்புகள் திரை நிறைய. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். எல்லாம் சனம். செல்வராசாவுக்கு எப்படி, செல்வராசாவுக்கு எப்படி. ராசண்ணை மட்டும் அதோடு சேர்த்து, தனக்குக் காலமையிலிருந்து கால் வீங்கியிருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கவிசாவின் செய்தி எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. "அப்பா கொஞ்சம் யோகட் சாப்பிட்டார். உங்களைக் கேக்கிறார்."

அக்கா அந்தச் சோதனையில் பாஸ். அது சில கிழமை கழித்து வந்த சேதி. இன்றைக்கு அந்த இல்லத்தில் அவர் பெயரை அவரே எழுதிக் கையெழுத்து வைக்கிறார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனதில் நிற்பது அதுவல்ல, அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் நடந்தது.

அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலடியில் போய் நின்றார். முதல்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"உங்களுக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

அண்ணை கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தப்ப வழியில்லை என்று கண்டதும் மெல்லச் சொன்னார்.

"சொல்லியிருந்தால்… நீர் கதவைத் திறந்திருப்பீர்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். இப்படி ஒரு விசரனை எங்கே போய்த் தேடுவது என்று திட்டிக்கொண்டே அழுதேன். மேசையில் போன் மினுங்கி அதிரத் தொடங்கியது. அக்கா அதை எடுத்து, யார் என்றும் பார்க்காமல் அணைத்து, கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்து, அவருடைய வலக்கையைத் தன் கைக்குள் எடுத்தார்.

"அமத்துங்கோ," என்றார்.

அண்ணை பல்லைக் கடித்தார். சின்னவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"இன்னும்," என்றார் அக்கா. "எனக்கு வேறை ஒரு வேலையும் இல்லை. இன்னும் அமத்துங்கோ."